தகடு தடித்தால் ஆபத்து!
வீட்டில் கட்டும் விமானத்தின் வால் ரகசியம்

சிம்மக்கல் பக்கத்தில் மொட்டை மாடி எதற்குப் பயன்படும்? வடகம் காயப் போடலாம். துணி உலர்த்தலாம். கோடையில் பாய் விரித்துப் படுக்கலாம்.

மும்பையில் ஒருவர் மொட்டை மாடியில் ஆகாய விமானம் கட்டினார்!

பிள்ளைகள் விளையாடும் பொம்மை என்று நினைக்க வேண்டாம். ஆறு பேர் உட்காரக்கூடிய நிஜ விமானம்.

அவர் பெயர் அமோல் யாதவ். ஜெட் ஏர்வேஸ் கம்பெனியில் விமானியாக இருந்தவர். காந்திவிலி, சார்கோப் பகுதியில் உள்ள ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில்தான் அந்த வேலை நடந்தது. கட்டி முடித்ததைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கீழே இறக்கினார். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த கண்காட்சியில் அதை நிறுத்தினார். கூட்டம் கூடிப் பார்த்தது.

கட்டியது ஒரு பாடு. காகிதம் பெற்றது இன்னொரு பாடு. 2017-இல்தான் பதிவு கிடைத்தது. சோதனையாகப் பறக்க அனுமதி 2019-இல் வந்தது. 2020-இல் மகாராஷ்டிர மாநிலம் துலே விமானத் தளத்தில் அது தரையை விட்டு எழும்பியது.

கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த எஞ்சினீயர் அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் குடியேறியவர். கொரோனா ஊரடங்கில் ஊரே கதவைச் சாத்திக் கொண்டு இருந்தபோது, இவர் வீட்டில் விமானம் பூட்டிக் கொண்டு இருந்தார். தென் ஆப்பிரிக்காவில் இருந்து பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்கள் வந்தன. சுமார் 18 மாத வேலை. நான்கு பேர் உட்காரலாம். 2022-இல் மனைவி மக்களை ஏற்றிக் கொண்டு பிரான்சு, ஜெர்மனி என்று சுற்றி வந்து விட்டார்.

நமக்குப் பக்கத்திலும் உண்டு. இடுக்கி மாவட்டத்துக்காரர் சஜி தாமஸ். காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். அவர் கட்டிய சிறு விமானம் 2014-இல் நமது நெல்லைச் சீமை மணிமுத்தாறில் பறந்தது.

இவர்களைப் போல உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள். அமெரிக்காவில் "வான்ஸ்" என்ற ஒரே கம்பெனியின் பாகங்களை வாங்கி, வீட்டில் பூட்டிப் பறக்க விட்ட விமானங்கள் மட்டும் 11 ஆயிரத்துக்கு மேல்!

இந்த விமானங்களில் மிகவும் பயந்து பயந்து செய்ய வேண்டிய பாகம் எது? "எஞ்சின்தான்" என்று யாரும் சொல்வார்கள். எஞ்சின் நின்று விட்டால்கூட நல்ல விமானி ஒரு வயல்வெளியைப் பார்த்து இறக்கி விடுவார். வால் உடைந்தால் எதைப் பார்த்து இறக்குவது?

அந்த வாலை மூடியிருப்பது ஒரு மெல்லிய தகடு.

திருப்பும் பலகைகள்

மாட்டு வண்டியைத் திருப்ப மூக்கணாங்கயிறு. படகைத் திருப்பச் சுக்கான். விமானத்தைத் திருப்ப, இறக்கையிலும் வாலிலும் கீல் போட்ட பலகைகள் இருக்கின்றன.

வாலில் நெட்டுக்குத்தாக நிற்பது சுக்கான். அது மூக்கை இடமும் வலமும் திருப்பும். வாலில் படுத்த வாக்கில் இருப்பது எலிவேட்டர். அது மூக்கை மேலே தூக்கும், கீழே இறக்கும். இறக்கையின் கடைசி ஓரத்தில் இருப்பது எய்லரான். அது விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கும். மூன்றும் நம் வீட்டுக் கதவு போலத்தான். ஒரு பக்கம் கீல். மறு பக்கம் ஆடும்.

இந்தப் பலகைகள் வெளியே பார்க்கத்தான் கட்டை மாதிரி இருக்கும். உள்ளே வெறும் கூடு. சில எலும்புகள். மேலே தகட்டுத் தோல்.

அந்தத் தோல் எவ்வளவு தடிமன் தெரியுமா? வான்ஸ் விமானங்கள் பலவற்றில் சுக்கான், எலிவேட்டர் தகடு 0.4 மில்லி மீட்டர்தான். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் நான்கு தாளைச் சேர்த்துப் பிடித்தால் அவ்வளவு தடிமன்! இறக்கைத் தகடு இதைவிடக் கனமானது. இதில் ஒன்றரை மடங்கும், இடத்தைப் பொறுத்து இரண்டு மடங்கும் இருக்கும்.

முதல் முறை விமானம் கட்டுகிறவருக்கு இங்கேதான் ஒரு ஆசை வரும். "உயிர் போகிற விஷயம். இவ்வளவு மெல்லிசாகவா போடுவது? இரண்டு மடங்கு கனத்தில் அடித்து விட்டால் நிம்மதி" என்று தோன்றும்.

தகப்பன், தாய், மாமியார் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். சொன்னால் அது தப்பு!

கனம் ஏன் ஆகாது?

பேருந்து வேகமாகப் போகும்போது ஜன்னலில் தொங்கும் கித்தான் படபடவென்று அடிப்பதைப் பார்த்திருக்கிறோம். கட்சிக் கொடி காற்றில் அடிப்பதும் அப்படித்தான். காற்று ஒரே சீராகத்தான் வருகிறது. துணிதான் ஆடி ஆடி அந்தக் காற்றில் இருந்து பலத்தைப் பிடுங்கிக் கொள்கிறது.

தகட்டுப் பலகைக்கும் இதே கதி வரலாம். இதற்கு விமானக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "ஃபிளட்டர்". படபடப்பு என்று சொல்லலாம்.

ஒரு குலுக்கலில் இறக்கை மேலே எகிறுகிறது என்று வைத்துக் கொள்வோம். கீலில் ஆடும் பலகையின் பின்பக்கம் கனமாக இருந்தால், அது உடனே கூட வராது. சோம்பேறி மாடு போலப் பின்தங்கிக் கீழே தொங்கும். பலகை கீழே தொங்கினால் என்ன ஆகும்? காற்று அதில் மோதி இறக்கையை இன்னும் மேலே தள்ளும்! மேலே போன இறக்கை, வளைத்த மூங்கில் போலத் திரும்பக் கீழே பாயும். இப்போது பலகை பின்தங்கி மேலே நிற்கும். காற்று இறக்கையை இன்னும் கீழே அழுத்தும்.

ஊஞ்சல் திரும்பி வரும் சமயம் பார்த்து ஒவ்வொரு தடவையும் தள்ளினால் என்ன ஆகும்? அதே கதைதான். ஊஞ்சலைத் தள்ள ஒரு ஆள் நிமிடக் கணக்கில் நிற்க வேண்டும். இங்கே காற்று தள்ளுகிறது. சில விநாடிகளில் பலகை பிய்ந்து போகலாம். சில சமயம் இறக்கையே போய் விடும். "ஐயோ" என்று சொல்லக்கூட நேரம் இராது.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் அல்ல. முதல் உலகப் போர் நடந்த 1916-ஆம் ஆண்டிலேயே, பிரிட்டிஷாரின் "ஹாண்ட்லி பேஜ்" என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வால் இப்படி முறுக்கி முறுக்கி ஆடியது. நிபுணர்கள் வந்து ஆராய்ந்தார்கள். வாலின் இரண்டு பக்கத்து எலிவேட்டர்களும் தனித்தனியாக ஆடுவதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் ஒரே குழாயால் இறுக்கமாக இணைத்த பிறகுதான் அது அடங்கியது.

ஆகவே கீலுக்குப் பின்னால் கனம் சேர்வதுதான் எதிரி. தடிமனான தகடு போட்டவர், தன் கையாலேயே எதிரியை வீட்டுக்குள் விட்டவர் ஆகிறார்.

எண்ணெய் டின் தரும் யோசனை

சரி, மெல்லிசான தகடு போட்டாயிற்று. அது நெளியுமே? அதற்கு என்ன செய்வது?

வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். அதன் மூடியில் வரி வரியாக மேடு தட்டியிருப்பார்கள். எண்ணெய் டின்னின் பக்கத்திலும் அப்படி வரிகள் இருக்கும். அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரிதான் டின்னுக்கு முதுகெலும்பு.

ஒரு காகிதத்தை இரண்டு டம்ளர்களுக்கு நடுவில் பாலம் போல வையுங்கள். நடுவில் தொய்ந்து விடும். அதே காகிதத்தை விசிறி மடிப்பாக மடித்து வையுங்கள். மேலே ஒரு தீப்பெட்டியை வைத்தாலும் தாங்கும். காகிதத்தின் எடை கூடவில்லை. மடிப்புத்தான் கூடியது. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பார்க்கலாம், செலவு இல்லை.

விமானத்தின் சுக்கானிலும் இந்த வித்தையைத்தான் செய்கிறார்கள். ஒரே தகட்டை எடுத்துப் பின் ஓரத்தில் மடிக்கிறார்கள். மடித்த நோட்டு அட்டை போல இரண்டு பக்கமும் வந்து விடும். மடிப்பதற்கு முன்பு, உள்பக்கத்தில் மெல்லிய மூலைப் பட்டைகளை வரிசையாக வைத்து ரிவிட் அடிக்கிறார்கள். முன்பக்கத்தில் நெடுக்காக ஒரு சட்டம். குறுக்கே சில விலா எலும்புகள். எல்லாம் சேர்ந்ததும் அந்த நான்கு தாள் தகடு விறைத்துக் கொள்ளும்.

பட்டைகள் எட்ட எட்டப் போனால்? அங்கே தகடு "டப், டப்" என்று உள்ளே போய் வெளியே வரும். காலி எண்ணெய் டின்னின் அடியைக் கட்டை விரலால் அழுத்தினால் வருகிற அதே சத்தம்! சும்மா நிற்கும் டின் என்றால் வேடிக்கை. நிமிடத்துக்கு 2 ஆயிரம் தடவைக்கு மேல் சுழலும் விசிறியின் காற்று வாலில் அடித்துக் கொண்டே இருக்கும்போது அது வேடிக்கை ஆகாது. டப் டப் என்று ஆடிய இடத்தில் தகடு களைத்துப் போகும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவது போல, ஒரு நாள் மயிரிழை போல வெடிப்பு காணும்.

வெடிப்பு எங்கே முதலில் வரும் என்பதையும் அனுபவத்தில் கண்டு வைத்திருக்கிறார்கள். உள்பட்டை எங்கே முடிகிறதோ, அந்த நுனியில். அதனால் மடிப்பின் உள்ளே, இரண்டு பக்கத்துப் பட்டை நுனிகளும் நெருங்கும் இடத்தில், ரப்பர் போல இறுகும் சிலிக்கான் பசையை ஒரு உருண்டை வைத்து விட்டு மடிக்கிறார்கள். பசை பெரிய பலம் ஒன்றும் தராது. ஆட்டத்தை விழுங்கி விடும். அவ்வளவுதான்!

தகடும் சாதாரணமானது அல்ல. சமையல் கட்டு அலுமினியச் சட்டியைக் கையால் நசுக்கி விடலாம். விமானத் தகட்டில் செம்பு முதலிய உலோகங்களைக் கலப்பார்கள். ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் என்பவர் 1906-இல் ஒரு விசித்திரத்தைக் கண்டார். இப்படிக் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் திடீரென்று குளிர வைத்தால், அப்போது அது மெத்தென்று இருக்கிறது. சில நாள் சும்மா வைத்து விட்டுப் பார்த்தால் தானாகவே விறைத்திருக்கிறது! இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்குவது போல, உலோகமும் கிடந்து பக்குவப்படுகிறது. அந்தக் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் தகட்டு விமானமே இல்லை.

துணி போய்த் தகடு வந்தது

முன் காலத்தில் இந்தப் பலகைகளுக்குத் துணிதான் தோல். துணியை இழுத்துக் கட்டி, மேலே வார்னீஷ் போன்ற ஒரு மருந்தைப் பூசி இறுக வைப்பார்கள். எடையே இருக்காது. 1953-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் தொடங்கியபோது ஏராளமாக இருந்த டக்கோட்டா விமானங்களைச் சொல்லலாம். அவற்றின் உடம்பு முழுதும் தகடு. திருப்பும் பலகைகளுக்கு மட்டும் துணி!

துணிக்கு என்ன குறை வந்தது? வேகம்தான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷாரின் ஸ்பிட்ஃபயர் விமானம் பெயர் பெற்றது. அதன் எய்லரானுக்கும் துணி போட்டிருந்தார்கள். எதிரியைத் துரத்திக் கொண்டு மணிக்கு 400 மைல் வேகத்தில் பாயும்போது, துணி பலூன் போல உப்பிக் கொண்டது. பலகையின் வடிவமே மாறி விட்டது. விமானி இரண்டு கையாலும் இழுத்தாலும் நெம்புகோல் அசையவில்லை. எதிரி பின்னால் இருக்கும்போது விமானத்தைச் சாய்க்க முடியாமல் போனால் கதி என்ன? 1940-க்குப் பிறகு துணியைக் கழற்றி விட்டு உலோகத் தோல் போட்டார்கள். விமானிகள் தங்கள் விமானத்துக்கும் அதை மாற்றித் தரும்படி போட்டி போட்டுக் கொண்டு கேட்டார்களாம்.

மெதுவாகப் போகும் சிறு விமானங்களில் இன்றும் துணி உண்டு. அதில் தவறே இல்லை.

பத்து உயிர்கள்

அமெரிக்காவில் "செனித் சி.எச்.601 எக்ஸ்.எல்." என்று ஒரு விமானம். இரண்டு பேர் போகலாம். முழுதும் தகடு. வீட்டில் கட்ட எளிது என்று பலர் வாங்கினார்கள். அதன் எய்லரானில் ஒரு வகைக்குத் தனியாகக் கீல் கூடக் கிடையாது. மேல்தகடே வளைந்து கொடுத்துக் கீலாக வேலை செய்யும். கெட்டிக்கார யோசனைதான்.

2006-ஆம் ஆண்டில் இருந்து, அந்த ரக விமானங்கள் ஆறு, நடுவானில் உடைந்து விழுந்தன. பத்துப் பேர் மாண்டார்கள்.

2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவசரமாக எழுதியது: இந்த விமானங்களைத் தரையிலேயே நிறுத்துங்கள்! எய்லரானில் படபடப்பு வருகிறது என்று வாரியம் சந்தேகப்பட்டது. அந்தப் பலகைகளில் எதிர் எடை இல்லை. கம்பிகளைச் சரியான இறுக்கத்தில் வைத்தாலே போதும் என்று அதுவரை நம்பி இருந்தார்கள். அதன் பிறகு எதிர் எடை மாட்டினார்கள். இறக்கையையும் பலப்படுத்தினார்கள்.

எதிர் எடை என்றால் என்ன? ரயில்வே கேட்டைப் பார்க்காதவர் உண்டா? நீண்ட கம்பம் ஒரு பக்கம். குட்டையான மறு பக்கத்தில் கனத்த இரும்புக் கட்டி. அதனால்தான் ஒரு ஆள் சுலபமாகத் தூக்குகிறார். விமானப் பலகையிலும் கீலுக்கு முன்னால் ஈயக் கட்டி வைக்கிறார்கள். அது இருந்தால் பலகையின் பின்பக்கம் சோம்பேறி மாடாகப் பின்தங்காது. இறக்கை எகிறினால் பலகையும் கூடவே வரும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பலகையின் பின் ஓரம் கீலில் இருந்து 30 சென்டி மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஈயக் கட்டி 5 சென்டி மீட்டர் முன்னால் இருக்கிறது. பின் ஓரத்தில் 10 கிராம் கூடினால், முன்னால் 60 கிராம் ஈயம் ஏற்ற வேண்டும். ஒன்றுக்கு ஆறு! தகட்டை இரண்டு மடங்கு கனமாகப் போட்டவர் ஈயத்தை எங்கே கொண்டு போய் வைப்பார்?

பெயின்டு கூட எடைதான். அழகாக இருக்கட்டும் என்று சுக்கானுக்கு இன்னொரு பூச்சு அடித்தால், அதைக் கழற்றித் திரும்பவும் தராசில் நிறுத்துச் சரி பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். வேகம் காட்டும் கடிகார முகப்பில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. அந்தக் கோட்டை எங்கே கீறுவது என்பதில் படபடப்புக்கும் பங்கு உண்டு.

துளையில் ஒரு துரும்பு

ரிவிட் அடிப்பது குடும்பத்தோடு செய்யும் வேலை. வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் அடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கணவன் அடிக்க மனைவி பிடித்த விமானங்கள் எத்தனையோ! ஒரே ஆள் இழுத்து இறுக்கும் ரிவிட்டும் வந்திருக்கிறது.

ஆயிரக்கணக்கான துளைகள் போட வேண்டும். ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் பிசிறு இருக்கும். ஒவ்வொன்றையும் வழித்து எடுக்க வேண்டும். ஒரே ஒரு பிசிறு நின்றாலும் அங்கிருந்துதான் வெடிப்பு பிறக்கும். சலிப்பூட்டும் வேலை. பாதியில் விட்டு ஓடிப் போனவர்கள் பலர்.

பெரிய கம்பெனிக்கே இதில் சறுக்கல் வந்தது. வான்ஸ் கம்பெனி ஒரு காலகட்டத்தில் லேசர் கதிரால் வெட்டிய துளைகளோடு பாகங்களை அனுப்பியது. ரிவிட் தலை பதிவதற்காகத் துளையைக் குழித்தபோது, சிலவற்றின் விளிம்பில் வெடிப்பு தெரிந்தது. வாங்கியவர்கள் பதறினார்கள். எத்தனையோ பாகங்களை மாற்றித் தர வேண்டி வந்தது. வேறு நஷ்டங்களும் சேர்ந்து, 2023 டிசம்பரில் கம்பெனி கடன்காரர்களிடம் இருந்து பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டு ஏறியது. பிறகு மீண்டு எழுந்தது.

கட்டி முடித்த விமானத்தை ஒவ்வொரு முறை கிளப்பும் முன்பும், விமானி அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கோயிலைப் பிரதட்சணம் செய்வது போலத்தான். சுக்கானைக் கையால் ஆட்டிப் பார்ப்பார். கீலில் தளர்வு இருக்கிறதா என்று கவனிப்பார். தகட்டை விரலால் தடவுவார். ரிவிட் தலைகளைக் குனிந்து பார்ப்பார்.

தளர்ந்து போன ரிவிட், ஓட்டத்தில் தகட்டோடு உராய்ந்து கொண்டே இருக்கும். அதில் கரி போன்ற கருந்தூள் வரும். காற்று அதைப் பின்பக்கமாக இழுத்து, கண் மை கலைந்தது போல ஒரு கோடு போட்டிருக்கும்.

அந்தக் கறுப்புக் கோடு தெரிந்தால், அன்றைக்கு விமானம் கிளம்பாது.